வீட்டில் பாட்காஸ்ட் ஒலிப்பதிவு: என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்

நாலு வருடமாகச் சென்னை நங்கநல்லூரில் ஒரு வாடகை வீட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்து பாட்காஸ்ட் பண்ணுகிறேன். கேட்பவர்கள் சில நூறு பேர்தான், ஆனால் அதில் பாதிப் பேர் தாங்களும் ஒன்று ஆரம்பிக்கப் போகிறார்கள் போலிருக்கிறது, வாரத்துக்கு இரண்டு மூன்று வாட்ஸப் செய்தியாவது ஒரே சந்தேகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. தனித்தனியாகத் தட்டித் தட்டிக் கை வலிக்கிறது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதிலையும் போட்டு வைத்துவிட்டேன். நான் சவுண்ட் இன்ஜினியர் இல்லை, பதிவைக் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்ட ஆள்.

அண்ணா, மைக் வாங்கக் காசு இல்ல. போன்லயே ஆரம்பிச்சா கேவலமா இருக்குமா?

இருக்காது. இன்றைக்கு இருக்கும் எந்தச் சுமாரான போனின் மைக்கும் பேச்சைப் பதிய தாராளமாகப் போதும். கேவலமாக வருவதற்குக் காரணம் அதை நாம் வைக்கும் இடம். போனைக் கையில் பிடிக்காதீர்கள், விரல் நகரும் சத்தம் எல்லாம் உள்ளே போகும். நாலு தடிப் புத்தகத்தை அடுக்கி, மேலே மடித்த துண்டு ஒன்றைப் போட்டு, போனின் அடிப்பக்கம் உங்கள் வாயைப் பார்க்கிற மாதிரி ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். பெரும்பாலான போன்களில் மைக் அந்த அடிப்பக்கத்தில், சார்ஜர் குத்தும் ஓட்டைக்கு அருகில்தான் இருக்கிறது.

ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள், நடுவில் யாராவது கூப்பிட்டால் பதிவு நின்றுபோகும். வாட்ஸப் வாய்ஸ் நோட்டில் பேசி அதை எடுத்துப் போடுவது வேண்டாம், அது ஏற்கெனவே நசுக்கப்பட்ட ஒலி. போனில் இருக்கும் ரெக்கார்டர் செயலியைத் திறந்து செட்டிங்ஸில் வேவ் அல்லது லாஸ்லெஸ் (தரம் இழக்காமல் சேமிக்கும் வகைகள்) என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் 'ஹை குவாலிட்டி' என்று இருப்பதை. ஐபோன் வாய்ஸ் மெமோஸிலும் இந்த லாஸ்லெஸ் வசதி உண்டு.

ரெண்டாயிரத்துக்குள்ள ஒரு நல்ல மைக் சொல்லுங்க

சட்டையில் குத்திக்கொள்ளும் காலர் மைக். போயா பிஒய்-எம்1 என்று ஒன்று, கல்யாண வீடியோக்காரர்கள் முதல் யூடியூப் சமையல் பாட்டிகள் வரை எல்லோரிடமும் இருக்கும். ஆறு மீட்டர் ஒயர், ஒரு சின்ன பட்டன் பேட்டரி, போனுக்கும் கேமராவுக்கும் மாற்ற ஒரு சுவிட்ச். இதன் லாபம் என்னவென்றால் நீங்கள் தலையைத் திருப்பினாலும் சாய்ந்தாலும் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் மாறாது. நஷ்டம், அது எல்லாத் திசையிலும் கேட்கும் மைக், அறையின் சத்தத்தையும் சேர்த்தே எடுக்கும். தாலிச் சங்கிலி, துப்பட்டா, சட்டைப் பையில் பேனா எதுவும் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு காலர் மைக் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: போனுக்கான பின்னில் மூன்று கறுப்பு வளையம், கேமராவுக்கானதில் இரண்டு. மாற்றி வாங்கிவிட்டால் பதிவு ஓடும், ஆனால் போனின் சொந்த மைக்கில்தான் ஓடும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. இதற்கு ஒரே சோதனை, ஒவ்வொரு முறையும் பதிவுக்கு முன் மைக்கை நகத்தால் லேசாகச் சுரண்டிவிட்டு அதைக் கேட்டுப் பாருங்கள். கரகரவென்று காதைக் கிழித்தால் சரியான மைக் வேலை செய்கிறது. எங்கேயோ தூரத்தில் எலி பிறாண்டுவது போலக் கேட்டால் வேறு மைக் ஓடிக்கொண்டிருக்கிறது. லேப்டாப்பில் யூஎஸ்பி மைக் செருகுபவர்களுக்கும் இது பொருந்தும்.

கன்டென்சர் நல்லதா டைனமிக் நல்லதா? கடைக்காரர் கன்டென்சர்தான் ஸ்டுடியோ குவாலிட்டின்னார்

ஸ்டுடியோவில் கன்டென்சர் நன்றாக இருப்பதற்குக் காரணம் அங்கே ஸ்டுடியோ இருக்கிறது. நுணுக்கமான ஒலியையெல்லாம் பிடிக்கும் மைக் அது, உங்கள் வீட்டில் நுணுக்கமான ஒலி என்றால் பக்கத்து வீட்டு மிக்ஸி. எக்ஸ்எல்ஆர் ஒயர் (மேடை மைக்கில் வரும் மூன்று பின் ஒயர்) வைத்த கன்டென்சராக இருந்தால், அந்த ஒயர் வழியாகவே மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம், அதாவது பேன்டம் பவர், கொடுக்கும் பெட்டியும் (ஆடியோ இன்டர்ஃபேஸ்) தனியாக வேண்டும், நிறையப் பேர் மைக்கை மட்டும் வாங்கி லேப்டாப்பின் இயர்போன் ஓட்டையில் செருகிவிட்டு 'சத்தமே வரல அண்ணா' என்கிறார்கள்.

டைனமிக் மைக் அறைச் சத்தத்தை எடுக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. அது மந்தமான மைக், வாயை ஒட்டிப் பேசினால்தான் கேட்கும், அதனால் நாமும் ஒட்டிப் பேசுகிறோம், அதனால்தான் பதிவு சுத்தமாக வருகிறது. அந்தக் கட்டாயத்துக்காகவே புதியவர்களுக்கு நான் டைனமிக்கைச் சொல்வேன். சாம்சன் கியூ2யூ, ஆடியோ டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் போன்றவற்றில் யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டும் இருக்கின்றன, இன்று லேப்டாப்பில் செருகலாம், நாளைக்குப் பெட்டி வாங்கினாலும் வீணாகாது. அமெரிக்க பாட்காஸ்ட் வீடியோக்களில் எல்லோர் முகத்துக்கு முன்னாலும் நிற்கும் ஷூர் எஸ்எம்7பி-யைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அதற்கு ஏறக்குறைய 60 டெசிபல் கெயின் வேண்டும் (மைக்கில் வரும் ஒலியைப் பெட்டி எவ்வளவு பெருக்குகிறது என்பதுதான் கெயின், டெசிபல் ஒலியை அளக்கும் அலகு), மலிவான பெட்டியில் அவ்வளவு ஏற்றினால் பெட்டியே 'ஸ்ஸ்' என்று இரையும்.

மைக்ல இருந்து எவ்ளோ தள்ளி உக்காரணும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். டைனமிக் என்றால் நாலு விரற்கடை. கன்டென்சர் அல்லது போன் என்றால் ஒரு சாண். அளவுகோல் தேட வேண்டாம், கையை விரித்துக் கட்டைவிரலை உதட்டிலும் சுண்டுவிரலை மைக்கிலும் வைத்தால் ஒரு சாண் வந்துவிடும்.

காரணம் இது. தூரம் இரண்டு மடங்கானால் மைக்குக்கு நேராக வரும் உங்கள் குரல் 6 டெசிபல் குறைகிறது. ஒரு சாண் இரண்டு சாண் ஆனால் 6, நாலு சாண் ஆனால் 12. ஆனால் சுவரில் பட்டுத் திரும்பி அறை முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒலியும், ஃபேன் சத்தமும் அப்படியேதான் இருக்கும். குரல் குறைந்துவிட்டதே என்று கெயினை ஏற்றினால் மூன்றும் சேர்ந்து ஏறும். இதை எந்த மென்பொருளாலும் ஒழுங்காகப் பிரிக்க முடியாது. நான் முதல் ஏழு எபிசோடை மேசையின் மறுகோடியில் அழகாக மைக் வைத்துப் பதிந்தேன், பிறகு ஒரு நாள் சலித்துப்போய் மைக்கை மூக்குக்கு முன்னால் இழுத்து வைத்ததும் வந்த மாற்றம், அதற்குப் பிறகு நான் வாங்கிய எந்தப் பொருளிலும் வரவில்லை.

அருகில் போகப்போகக் குரலில் அடி கூடும், பழைய வானொலி அறிவிப்பாளர் மாதிரி கனம் வரும். ஒரு பக்கம் கேட்கும் மைக் எல்லாவற்றுக்கும் உள்ள குணம் இது. நன்றாகத்தான் இருக்கும், ஆனால் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே பேசினால் குரல் ஒருமுறை கனமாக, ஒருமுறை மெலிசாக வந்து எரிச்சலூட்டும். உருளும் நாற்காலியைத் தூக்கி ஹாலில் போடுங்கள்.

குரல் கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி வருது

தூரத்தைச் சரிசெய்த பிறகும் அப்படி வருகிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் அறையின் நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டிய பிறகு 'ட்ரிங்' என்று ஒரு வால் நீண்டால் அதுதான் உங்கள் கிணறு. நம் வீடுகள் அப்படிக் கட்டப்பட்டவை: டைல்ஸ் தரை, பூசிய சுவர், கான்கிரீட் கூரை, மூலையில் இரும்பு பீரோ. ஒலி எங்கும் உறிஞ்சப்படாமல் பந்து மாதிரி அடித்துத் திரும்பும்.

ஹாலை விட்டுப் படுக்கையறைக்கு வாருங்கள். வீட்டில் இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் அதைவிட நல்ல பொருள் கடையில் கிடையாது, கனமானது, தடிமனானது, ஏற்கெனவே காசு கொடுத்தாகிவிட்டது. அதை உங்கள் முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். எல்லோரும் மைக்குக்குப் பின்னால்தான் எதையாவது கட்டுகிறார்கள். ஆனால் மைக்கின் முகம் உங்களைப் பார்க்கிறது, உங்களைத் தாண்டி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் பார்க்கிறது, அங்கிருந்து திரும்பும் ஒலி நேராக அதன் வாயில் விழும். மேசைமேல் தடித்த துண்டு, தரையில் மடித்துப் போட்ட ஜமுக்காளம், பீரோவின் மேல் தொங்கும் கம்பளி. துணி அடைத்த மர அலமாரி இருந்தால் அதன் கதவைத் திறந்து வைத்து அதற்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். அறையின் சரியான நடுவிலும் உட்கார வேண்டாம், மூலையிலும் வேண்டாம்.

சுவர்ல முட்டை அட்டை ஒட்டினா சவுண்ட்ப்ரூஃப் ஆகிடுமாமே?

ஆகாது. அந்த மெல்லிய காகித அட்டை கொஞ்சம் மேல்சுருதியைச் சிதறடிக்கும், அவ்வளவுதான். கரப்பான்பூச்சி வரும், தீப்பிடித்தால் சடசடவென்று எரியும்.

இதில் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். உள்ளே எதிரொலியைக் குறைப்பது ஒன்று, வெளிச்சத்தத்தைத் தடுப்பது வேறொன்று. முதலாவதற்குப் பஞ்சு மாதிரித் தடித்த, காற்று புகும் பொருள் வேண்டும். இரண்டாவதற்குக் கனம் வேண்டும், இடைவெளியே இருக்கக்கூடாது, அது செங்கல்லும் சீல் வைத்த கதவும் செய்கிற வேலை. ஒரு இஞ்ச் கறுப்பு ஃபோம் ஒட்டியவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: ஆண் குரலின் அடிச்சுருதி 100 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், அந்த அலையின் நீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர், ஒரு இஞ்ச் நுரையால் அதை ஒன்றும் செய்ய முடியாது. மேல்சுருதியை மட்டும் தின்றுவிட்டு அடியை விட்டுவிடும், குரல் போர்வைக்குள் பேசுவது போலாகும்.

ஃபேனை நிறுத்தினா வேர்த்துக் கொட்டுது சார், என்ன பண்றது?

தமிழ்நாட்டில் ஒலிப்பதிவின் முழுச் சிக்கலும் இந்தக் கேள்விதான் என்று சில நாள் தோன்றும். நான் செய்வது: பதிவுக்கு அரைமணி முன்னாடி ஏசியோ ஃபேனோ முழு வேகத்தில் ஓடட்டும், கதவு ஜன்னல் சாத்தி இருக்கட்டும். பிறகு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பதினைந்து நிமிடம் பேசுவேன். நிறுத்தி, காற்று வாங்கி, மறுபடியும் பதினைந்து. கேமரா இல்லையே, பனியனோடு உட்காரலாம், நான் அப்படித்தான்.

நிறுத்தவே முடியாது என்றால் (ஏப்ரல், மே மாதத்தில் நானே முடியாது என்பேன்) ஃபேனை ஒன்றில் வைத்து, காற்று மைக்கில் நேராக அடிக்காத இடத்தில் உட்கார்ந்து, மைக்கின் முதுகுப்புறம் ஃபேனை நோக்கும்படித் திருப்பி, நாலு விரற்கடைக்கு ஒட்டிவிடுங்கள். வேகத்தை நடுவில் மாற்றாதீர்கள். ஒரே சீராக ஓடும் இரைச்சலைப் பின்னால் குறைக்க முடியும், ஏறி இறங்கும் இரைச்சலைக் குறைப்பது கஷ்டம். அதனால்தான் இன்வெர்ட்டர் ஏசியும் தொல்லை, அது தன்னிஷ்டத்துக்கு வேகத்தை மாற்றும்.

ஏரியால ஒரே சத்தம். எந்த நேரத்துல ரெக்கார்ட் பண்றது?

எங்கள் தெருவில் விமானம் போகும். இரண்டு நாள் ஒரு நோட்டில் எந்தெந்த நேரத்தில் என்ன சத்தம் என்று குறித்தேன், விமானம், காய்கறி வண்டி ஸ்பீக்கர், எதிர்வீட்டுக் குக்கர், மாலையில் கிரிக்கெட். எனக்கு மிச்சமாகக் கிடைத்தது மதியம் இரண்டிலிருந்து மூன்றரை. பலர் நினைப்பது போல விடியற்காலை எனக்குச் சரிப்படவில்லை, ஐந்து மணிக்குக் காக்கா ஆரம்பித்துவிடும், மார்கழி என்றால் அதற்கும் முன்னால் கோயில் ஒலிபெருக்கி. உங்கள் தெருவுக்கு உங்கள் நோட்டு.

சத்தம் வந்தால் பேச்சை நிறுத்துங்கள், அது முழுக்கப் போகட்டும், பிறகு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். பாதியிலிருந்து தொடர்ந்தால் ஒட்டு தெரியும். திரும்பச் சொல்வதற்கு முன் ஒரு தரம் கைதட்டினால் எடிட் பண்ணும்போது அலைவடிவத்தில் அந்தக் குச்சி நீட்டிக்கொண்டு நிற்கும், தேடவேண்டியதில்லை.

'ப' வர்ற இடத்துல எல்லாம் டப்பு டப்புன்னு இடிக்குது

வாயிலிருந்து வரும் காற்று மைக்கைத் தாக்குகிறது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து 'பப்பாளி' சொல்லுங்கள், பிறகு ஆங்கிலக்காரர் மாதிரி 'பேப்பர்' சொல்லுங்கள், இரண்டாவதில்தான் காற்று அதிகம். நம் 'ப' அவ்வளவு மோசம் இல்லை. 'ஃபோன்', 'ஃபைல்' என்று வரும்போது ஊதுவது இன்னும் நீளமாக வரும்.

மைக்கை நேர்முன்னாலிருந்து எடுத்து வாயின் ஓரத்துக்கு நகர்த்தி, அங்கிருந்து உங்கள் உதட்டைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். காற்று நேராகப் போய்விடும், குரல் எல்லாப் பக்கமும் பரவுவதால் மைக்கிலும் விழும். செலவில்லாத வைத்தியம், 'ஸ்' சீறுவதையும் இதுவே கொஞ்சம் அடக்கும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் பாப் ஃபில்டர் (காற்றைத் தடுக்கும் வலைத்திரை), அல்லது எம்ப்ராய்டரி வளையத்தில் பழைய நைலான் சாக்ஸை இழுத்துக் கட்டி மைக்குக்கு மூன்று விரல் முன்னால் நிறுத்துங்கள்.

லெவல் சிவப்பு வரைக்கும் போனா நல்லதா? சத்தமா இருக்குமே

இல்லவே இல்லை. டிஜிட்டலில் 0 டெசிபல் என்பது கூரை, அதில் முட்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டுப்போகும், வெட்டுப்பட்டது திரும்பாது. சாதாரணமாகப் பேசும்போது உச்சம் -12 பக்கம், உணர்ச்சிவசப்பட்டால் -6 வரை. பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். 24 பிட்டில் (ஒலியின் அளவை எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கிறது என்பதற்கான எண்) பதிந்தால் தாழ்வாகப் பதிந்ததை ஏற்றுவதில் எந்த நஷ்டமும் இல்லை.

'ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங்' சொல்லி லெவல் வைப்பவர்கள்தான் மாட்டுகிறார்கள். சோதனையில் எல்லோரும் பவ்யமாகப் பேசுவோம், பதிவு ஆரம்பித்துப் பத்தாவது நிமிடத்தில் வாய்விட்டுச் சிரிக்கும்போது சிவப்பு எரியும். அதனால் சோதனையிலேயே ஒரு ஜோக் சொல்லிச் சிரித்துப் பாருங்கள். விண்டோஸில் ஒலிக்கான செட்டிங்ஸில் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' இருந்தால் அணைத்துவிடுங்கள், தானாக லெவலை ஏற்றி இறக்கும் வேலையை அது செய்தால் நீங்கள் மூச்சு விடும் இடைவெளியிலெல்லாம் ஃபேன் சத்தம் பொங்கி எழும்.

பேசாத இடத்துல 'ங்ங்ங்'னு ஒரு ரீங்காரம் கேக்குது

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அது எங்கேயோ ஒயருக்குள் ஏறுகிறது. முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிந்து பாருங்கள். பத்தில் ஏழெட்டுப் பேருக்கு இதோடு கதை முடிந்துவிடும், இனி சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டு பேட்டரியில் பதியுங்கள். போகவில்லையென்றால் மைக் ஒயர் எந்த மின்சார ஒயரோடு சேர்ந்து படுத்திருக்கிறது என்று பாருங்கள், பழைய சோக் வைத்த டியூப்லைட்டையும் ஃபேன் ரெகுலேட்டரையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எர்த் பின்னை உடைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஷாக் அடித்துச் சாவதற்கான வழி அது.

ஏற்கெனவே பதிந்துவிட்டதில் இருந்தால் 50, 100, 150 ஹெர்ட்ஸ் இடங்களில் மட்டும் ஊசி மாதிரி மெல்லிய வெட்டு போடலாம், 'நாட்ச் ஃபில்டர்' என்று இருக்கும்.

புளூடூத் இயர்பட்ஸ் மைக் போதாதா? விலை பன்னிரண்டாயிரம் கொடுத்தேன்

விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புளூடூத்தில் பாட்டுக் கேட்கும்போது ஒரு முறை, மைக்கைப் பயன்படுத்தும்போது வேறொரு முறை, அது போன் பேசுவதற்கென்று வந்தது. வழக்கமாக அந்த முறையில் ஒலி நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாகத்தான் எடுக்கப்படுகிறது, பாட்காஸ்டுக்கு நாம் எடுப்பது 44,100 அல்லது 48,000. குரலின் பளபளப்பு முழுக்க அந்த வித்தியாசத்தில் போய்விடும். காதில் கேட்பதற்கும் ஒயர் போட்ட இயர்போனே நல்லது, புளூடூத்தில் உங்கள் குரல் உங்களுக்கே தாமதமாக வந்து நாக்குளறும்.

ரெண்டு பேர் ஒரே ரூம்ல பேசுறோம். ஒரு மைக்கை நடுவுல வைக்கலாமா?

வைத்தால் இருவருமே தூரத்தில் இருப்பீர்கள், நாலாவது கேள்விக்கான பதிலை மறுபடி பாருங்கள். ப்ளூ யெட்டி மாதிரி இருபுறமும் கேட்கும் வசதி உள்ள மைக் என்றால் எதிரெதிரே நெருங்கி உட்கார்ந்து சமாளிக்கலாம். அந்த மைக்கின் உச்சந்தலையைப் பார்த்துப் பேசாதீர்கள், அது பக்கவாட்டில் கேட்கும் வகை.

ஆளுக்கொரு மைக் என்றால் உங்கள் வாய்க்கும் உங்கள் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது அடுத்தவர் மைக் தள்ளி இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரே குரல் இரண்டு மைக்கிலும் நுழைந்து, கொஞ்சம் முன்பின்னாகச் சேர்ந்து, குழாய்க்குள் பேசுவது போலாகிவிடும். இரண்டு யூஎஸ்பி மைக்கை ஒரே லேப்டாப்பில் செருகிவிட்டு ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளைத் திறப்பவர்களுக்கு: அது ஒரு நேரத்தில் ஒரு சாதனத்திலிருந்துதான் பதியும். இரண்டு போன், இரண்டு காலர் மைக், தனித்தனிப் பதிவு, நடுவில் ஒரு கைதட்டல், பிறகு சேர்த்தல். காசில்லாதவனின் ஸ்டுடியோ இதுதான், நான் இரண்டு வருடம் இப்படித்தான் ஓட்டினேன்.

கெஸ்ட் கனடாவுல இருக்கார். ஜூம்ல பதிஞ்சா போன் பேசுற மாதிரியே வருது

வரத்தான் செய்யும், இணையத்தில் வழிநெடுக நசுங்கிக்கொண்டு வருகிற ஒலி அது. அவர் குரலை அவர் பக்கத்திலேயே பதியச் சொல்லுங்கள். ஒயர் இயர்போனில் உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டு, இன்னொரு போனை முதல் கேள்வியில் சொன்ன மாதிரி ஒரு சாண் தூரத்தில் வைத்து ரெக்கார்டரை ஓடவிடட்டும். ஆரம்பத்தில் இருவரும் மூன்று எண்ணிக் கைதட்டுங்கள், பிறகு அந்தக் கோப்பை டிரைவில் போடச் சொல்லிச் சேர்த்துக்கொள்ளலாம். ரிவர்சைட், ஜென்கேஸ்டர் போன்ற சேவைகள் இதே வேலையைத் தானாகச் செய்கின்றன.

ஜூம்தான் வசதி என்பவர் விருந்தினர் என்றால் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதைப் போடச் சொல்லுங்கள், உங்கள் பக்கம் ஒவ்வொருவர் ஒலியும் தனிக்கோப்பாகப் பதியும் தேர்வை டிக் செய்யுங்கள். ஜூமை எப்படியும் ஒரு காப்பிக்காக ஓடவிடுவேன், கோப்பு அனுப்புகிறேன் என்று சொல்லி மறந்துபோன விருந்தினர்கள் உண்டு. ஒரு மணி நேரப் பேச்சில் இரண்டு கோப்புகளும் கடைசியில் கொஞ்சம் விலகியிருந்தால் பயப்பட வேண்டாம், இரண்டு சாதனங்களின் கடிகாரமும் ஒன்றாக ஓடாது, நடுவில் அமைதியான இடங்களில் வெட்டி நகர்த்துங்கள்.

நாய்ஸ் ரிடக்ஷன் போட்டா தண்ணிக்குள்ள பேசுற மாதிரி ஆகுது

அளவுக்கு மீறிப் போட்டிருக்கிறீர்கள். ஆடாசிட்டியில் பேச்சில்லாத ஒரு துண்டைக் காட்டி இதுதான் இரைச்சல் என்று சொல்லிக்கொடுக்கிறோம், அது அதே மாதிரி இருப்பதை எல்லாம் குரலுக்குள்ளிருந்தும் பிடுங்குகிறது. 6 டெசிபல் குறையுங்கள், மிஞ்சிப்போனால் 9. 24 வைத்தால் குரலும் சேர்ந்து போகும். கொஞ்சம் ஃபேன் சத்தம் இருப்பதை யாரும் குறைசொல்ல மாட்டார்கள், ரோபோ குரலைக் கேட்டால் அடுத்த நிமிடம் மூடிவிடுவார்கள்.

இதற்காகவே ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பத்து நொடி வாயைத் திறக்காமல் இருங்கள், ஃபேன் எந்த நிலையில் இருக்கப்போகிறதோ அதே நிலையில். இரைச்சலைச் சொல்லிக்கொடுக்கவும் ஆகும், எடிட்டில் வெட்டிய ஓட்டைகளை நிரப்பவும் ஆகும். வெறும் மௌனத்தைப் போட்டு நிரப்பினால் இணைப்பு அறுந்துவிட்டதோ என்று கேட்பவர் போனைத் தட்டுவார்.

எடிட் பண்றப்ப எதை முதல்ல, எதை அப்புறம்?

இரைச்சலைக் குறைப்பது முதலில். பிறகு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர், மேசை இடிப்பு, லாரி உறுமல் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. அப்புறம் குரல் அமுங்கிக் கேட்டால் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை இரண்டு மூன்று டெசிபல் குறைப்பு. கடைசியில் கம்ப்ரஸர் (உரத்த இடங்களை அமுக்கி மெல்லிய இடங்களுக்கு அருகில் கொண்டுவருவது), 3:1 விகிதம், உரத்த இடங்களில் மூன்று முதல் ஆறு டெசிபல் அடக்கினால் போதும். கம்ப்ரஸரை முதலில் போட்டால் பேச்சுக்கும் மௌனத்துக்கும் உள்ள இடைவெளி குறைந்து இரைச்சல் மேலே வந்துவிடும், அதன்பின் அதைப் பிடிப்பது பெரும்பாடு.

மூச்சுச் சத்தத்தை முழுக்க வெட்டாதீர்கள், மூச்சே விடாமல் பேசும் ஆளைக் கேட்டால் நமக்கு மூச்சு முட்டும். பாதியாகக் குறைத்தால் சரி.

எல்யூஎஃப்எஸ்னு என்னமோ சொல்றாங்களே, அது எனக்குத் தேவையா?

உங்கள் எபிசோடுக்கு முன்னால் வேறொன்றைக் கேட்டவர் உங்களுடையது வந்ததும் ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கக் கூடாது, அதற்காகத்தான். காதுக்கு எவ்வளவு உரக்கத் தெரிகிறது என்பதை முழு எபிசோடுக்கும் சராசரியாகச் சொல்லும் அளவு அது. ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் -16 வைக்கச் சொல்கிறது, ஒன்று கூடக்குறைய இருக்கலாம், உச்சம் -1 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஸ்பாட்டிஃபை -14 என்கிறது. நான் -16 வைத்துவிட்டு இரண்டுக்கும் அதையே அனுப்புகிறேன், யாரும் திட்டவில்லை.

சிக்கலான இடம் மோனோ. ஒற்றைத் தடக் கோப்பு இரண்டு காதிலும் ஒலிக்கும்போது அளவு 3 கூடிவிடும், அதனால் மோனோ கோப்பை -19 என்று வைத்தால்தான் ஸ்டீரியோ -16 போலக் கேட்கும். ஆடாசிட்டியின் லவுட்னஸ் நார்மலைசேஷனில் 'ட்ரீட் மோனோ அஸ் டூயல் மோனோ' என்று ஒரு பெட்டி உண்டு, அதில் டிக் இருந்தால் இந்தக் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும், நீங்கள் -16 என்றே கொடுக்கலாம். டிக்கும் போட்டு -19-உம் கொடுத்துவிட்டு 'என் எபிசோட் மட்டும் மெதுவா கேக்குது' என்று வந்தவர்கள் இதுவரை மூன்று பேர்.

எம்பி3 எத்தனை கேபிபிஎஸ்? 320 வெச்சா தரம் கூடுமா?

கேபிபிஎஸ் என்பது ஒரு நொடி ஒலிக்கு எத்தனை கிலோபிட் டேட்டா என்ற கணக்கு. பேச்சுக்கு மோனோ 64 போதும், மனநிம்மதிக்கு 96. அரைமணி எபிசோட் 64-இல் ஏறக்குறைய 14 எம்பி, 320-இல் 72 எம்பி, டேட்டா யாருடையது என்று யோசியுங்கள். இசை அதிகம் வந்தால் ஸ்டீரியோ 128. ஆனால் பதிவதும் எடிட் செய்வதும் வேவ் கோப்பில், எம்பி3 ஆக்குவது கடைசியில் ஒரே ஒரு முறை. எம்பி3-ஐத் திறந்து திருத்தி மறுபடி எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும்.

இப்பதான் ஏஐ வந்துடுச்சே, ஒரே கிளிக்ல சுத்தம் பண்ணிடுது. இவ்ளோ கஷ்டம் எதுக்கு?

அடோபியின் என்ஹான்ஸ் ஸ்பீச் மாதிரியானவை உண்மையிலேயே அசத்துகின்றன, எதிரொலி நிறைந்த பதிவைக்கூட ஸ்டுடியோ மாதிரி ஆக்கும். ஆனால் என் அனுபவத்தில் தமிழில் அவ்வப்போது தடுக்கும். மோசமான பதிவைக் கொடுத்தபோது 'ழ' வர வேண்டிய இடத்தில் கொழகொழவென்று ஏதோ வந்தது, வாக்கியக் கடைசியில் தாழ்ந்து போகும் 'உ' விழுங்கப்பட்டது. காரணம், தெளிவில்லாத இடத்தை அது ஊகித்து நிரப்புகிறது. நல்ல பதிவைக் கொடுத்து, அளவை முழுக்கப் போடாமல் பாதிக்கு வைத்து, ஒரு முறை முழுவதும் கேட்டுவிட்டு வெளியிடுங்கள்.

பேட்டி முழுக்கப் பாழாயிடுச்சு. காப்பாத்த வழி இருக்கா?

என்ன பாழ் என்பதைப் பொறுத்தது. ரீங்காரம், சீரான ஃபேன், லெவல் குறைவு, இதெல்லாம் மேலே சொன்னபடி பெரும்பாலும் மீளும். எதிரொலி பாதி மீளும். சிவப்பில் முட்டி வெட்டுப்பட்டது அங்கங்கே என்றால் ஒப்பேற்றலாம், முழுக்க என்றால் முடியாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி ஒரே தடத்தில் விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். பேச்சு முக்கியம், ஒலி தேறாது என்றால் அதைக் கேட்டு எழுதி, உங்கள் குரலில் கதையாகச் சொல்லி, நடுவில் அவர் குரலை இரண்டு மூன்று இடத்தில் மட்டும் வைக்கலாம்.

அல்லது வெட்கத்தை விட்டு மறுபடி கேளுங்கள். நீராவி எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை ஒன்றரை மணி நேரம் பேச வைத்தேன், வீட்டுக்கு வந்து பார்த்தால் மேசைமேல் இருந்த மைக் சும்மா நின்றிருக்கிறது, பதிந்தது மூடியும் மூடாமலும் இருந்த லேப்டாப்பின் மைக். அடுத்த ஞாயிறு ஒரு டஜன் மலைவாழைப்பழத்தோடு போய் உள்ளதைச் சொன்னேன். சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், நான் ஒயரைச் செருகும்போது குனிந்து மைக்கைத் தன் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிவிட்டுக் கேட்டார், "இப்ப காது கேக்குதா தம்பி இதுக்கு?"